கூரையோடு விற்பதா, கூரையைக் கழற்றி விற்பதா?

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் காவேரிப்பட்டணத்தில் என் தாய்மாமன் வீட்டு மாட்டுக் கொட்டகைப் பரணில் ஒரு காரின் கூரை கிடக்கிறது. அதைச் சுற்றி யூரியா சாக்கு, சாக்கின் மேல் நான்கு வருடத் தூசு. கூரைக்குச் சொந்தமான வண்டி கீழே மாங்காய்க் கூடைகளுக்கு நடுவே திறந்த மேனியாக நிற்கிறது. 1965ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, தந்த நிறம், தலைக்கு மேல் கறுப்பு மடக்குத் துணி. மாமா இப்போது அதை விற்கப் போகிறார். முழங்கால் வலியால் கிளட்சை மிதிக்க முடியவில்லை என்பது அவர் ஊருக்குச் சொல்லும் காரணம். பேத்தியின் கல்லூரிக் கட்டணம் என்பது அத்தை சொல்லும் காரணம். இரண்டும் உண்மைதான்.

இணையத்தில் விற்றுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. "நாலு படம் எடுத்துப் போடு மாப்பிள்ளை, பத்து லட்சத்துக்குக் கொத்திக்கொண்டு போவார்கள்" என்றார் மாமா. நான்கு படத்தில் முடிகிற வேலையாக அது இருக்கவில்லை. எங்கே விற்பது, என்ன விலை சொல்வது, எந்தக் கோலத்தில் வண்டியைக் காட்டுவது என்று மூன்று முடிவுகள் எடுக்கவேண்டியிருந்தது. ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் அதன் பின்னால் வந்தன. இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நாங்கள் எடைபோட்ட விதத்தை எழுதிவைக்கிறேன்.

விலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் தவறு செய்யும் இடம் அதுதான்.

மாமாவிடம் பால் கணக்கு எழுதும் நீள நோட்டு ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் வண்டிக் கணக்கு. வாங்கிய விலை 1,60,000 ரூபாய். டிங்கரிங், பெயிண்ட் 2,35,000. என்ஜின் வேலை 85,000. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த ரப்பர், கேஸ்கெட், குரோம் சாமான்கள் 1,10,000. இருக்கைகளும் துணிக் கூரையும் 70,000. டயர், பிரேக், வயரிங் 55,000. மொத்தம் 7,15,000. இதன்மேல் தன் நான்கு வருட உழைப்பையும் ஏற்றித்தான் பத்து லட்சம் என்கிறார்.

அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரு கோடை முழுவதும் கார்புரேட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். ஆனால் வாங்க வருகிறவர் இந்த நோட்டைப் பார்த்து விலை போடமாட்டார். அவர் மனத்தில் ஓடுவது வேறு கணக்கு. இதே நிலையில் இன்னொரு ஹெரால்டு எங்கே கிடைக்கும், எவ்வளவுக்குக் கிடைக்கும்? துருப்பிடித்த ஒன்றை மலிவாக வாங்கித் தானே சரிசெய்தால் என்ன ஆகும்? இரண்டாவது கேள்விக்கு மட்டும் மாமாவின் நோட்டு பயன்படும். அதுவும் ரசீதுகளோடு சேர்ந்தால்தான். ரசீது விலையை ஏற்றாது. பேரத்தில் விலை இறங்குவதைத் தடுக்கும்.

அடுத்த வழி, மற்றவர்கள் என்ன விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று பார்ப்பது. ஆறு வாரம் பார்த்தேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. மூன்று மாதமாக நகராமல் கிடக்கும் விளம்பரத்தில் இருப்பதை விலை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தொகைக்கு யாரும் வாங்கவில்லை என்பதற்கு அது சாட்சி. பார்க்கவேண்டியது சீக்கிரம் காணாமல்போகும் விளம்பரங்களைத்தான். அப்படி மறைந்தவற்றில் இரண்டு பேரிடம் போனில் பேச முடிந்தது. இருவருமே கேட்ட விலையிலிருந்து நன்றாக இறங்கித்தான் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் காரணமும் சொன்னார்: "படத்தில் தெரியாதது நேரில் தெரிந்துவிட்டது."

மூன்றாவது வழி, வண்டியின் தரத்தை நாமே நேர்மையாகப் படி பிரிப்பது. அமெரிக்காவில் பழைய கார்களுக்குக் காப்பீடு செய்யும் ஹாகர்டி நிறுவனம் நான்கு படி வைத்திருக்கிறது. முதல் படி, கண்காட்சி மேடையில் பரிசு வாங்கும் வண்டி. இரண்டாவது, பழகாத கண்ணுக்கு அதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாத வண்டி. மூன்றாவது, சிறு குறைகளோடு நன்றாக ஓடுவது. நான்காவது, ஓடும், ஆனால் குறைகள் எடுத்த எடுப்பில் தெரியும். இந்திய விலைக்கு அந்த நிறுவனத்தின் பட்டியல் உதவாது, ஆனால் படிகள் உதவும். மாமா தன் வண்டியை முதல் படியில் வைத்தார். நான் பீரோக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

பானெட்டில் காந்தம் பளிச்சென்று ஒட்டியது. இடது மட்கார்டிலும் ஒட்டியது. ஓட்டுநர் கதவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு வழுக்கிக்கொண்டு விழுந்தது. உள்ளே பட்டி, பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை. அடுத்து கதவு இடுக்கு. ஹெரால்டின் உடம்பு ஒரே கூடாக வார்த்தது அல்ல. சேஸிஸ் எனும் தனிச் சட்டகத்தின் மேல் துண்டு துண்டாக போல்ட் போட்டு இணைத்தது. சட்டகத்தின் கைகள் தளர்ந்தாலோ கூரை இல்லாததால் உடம்பு சற்றே தொய்ந்தாலோ அது கதவின் இடுக்கில்தான் தெரியும். எங்கள் வண்டியில் இடது கதவின் மேல் இடுக்கு கீழ் இடுக்கைவிட அகலம். விரல் வைத்துப் பார்த்தாலே புரியும். மாமா ஒன்றும் சொல்லாமல் சாக்கால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் படியில் உயரமான இடம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

இனி கூரைக்கு வருகிறேன்.

டிரயம்ப் நிறுவனம் 1959இல் இங்கிலாந்தில் ஹெரால்டைக் கொண்டுவந்தது. இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்தது. துண்டுகளாக இணைத்த உடம்பு என்பதால் அதே அடித்தளத்தில் மூடிய கார், கூபே, அடுத்த ஆண்டே திறந்த கார் என்று பல வடிவங்களை அவர்களால் எளிதாகக் கொண்டுவர முடிந்தது. 1961இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் இதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று தயாரிக்கத் தொடங்கியது. 948 சிசி என்ஜின், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன், முன்பக்கமாக அப்படியே வாய் பிளக்கும் பானெட். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். காவேரிப்பட்டணம் கடைத்தெருவில் ஆட்டோவைப் போல வளையும்.

இந்த போல்ட் அமைப்பால் வந்த வினை என்னவென்றால், மூடிய ஹெரால்டின் கூரையைக் கழற்றித் திறந்த காராக ஆக்குவது கடினமான காரியம் அல்ல. மாமாவும் அதைத்தான் செய்தார். அறுக்கவில்லை, கழற்றினார். கிருஷ்ணகிரியில் இருக்கை தைப்பவரிடம் இரும்புச் சட்டம் அடித்துத் துணி போட்டுக்கொண்டார். ஆனால் ஆர்சி புத்தகத்தில் உடம்பு வகை என்ற இடத்தில் சலூன், அதாவது நிலையான கூரையுள்ள மூடிய கார், என்றே இருக்கிறது.

அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. முதல் முத்திரை சேலம். அடுத்தது தருமபுரி, அதற்கடுத்தது கிருஷ்ணகிரி. வண்டி மூன்று ஊருக்குக் குடிபோனது போலத் தோன்றும். உண்மையில் காவேரிப்பட்டணத்து மருத்துவர் ஒருவர் வீட்டில்தான் பெரும்பாலான காலம் நின்றது. 1965 அக்டோபரில் சேலத்திலிருந்து தருமபுரி பிரிந்தது, 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, மாவட்டம் மாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

சலூன் என்ற அந்த ஒரு சொல்லுக்கு விலை உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்த அமைப்புக்கு முரணாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த விண்டேஜ் பதிவு இன்னும் கண்டிப்பானது. சட்டகம், உடம்பு, என்ஜின் மூன்றிலும் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கவேண்டும். அப்படி இருந்தால் மாநில எழுத்துக்கு அடுத்து விஏ என்று வரும் தனி எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்து ஆண்டுக்குச் செல்லும்.

மாமாவுக்கு விஏ எண் மேல் ஆசை. நான் வேண்டாம் என்றேன். அந்த எண்ணோடு வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது என்று குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். எங்கள் வண்டிக்குச் சாதாரணப் பதிவு முறையாகப் புதுப்பிக்கப்பட்டு உயிரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டு வரை ஓட்டிப்போக நினைப்பவருக்கு அதுதான் மேல். விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் வாங்குபவர் எடுத்துக்கொள்ளட்டும். அந்த வாசலை அடைக்காமல் கொடுப்பதுதான் நம் வேலை. கூரை வண்டியின் மேல் இருந்தால் வாசல் திறந்திருக்கும், கழற்றிக் கிடந்தால் சாத்தியிருக்கும்.

இதிலிருந்து எங்களுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள் தெரிந்தார்கள்.

முதல் வகை, வண்டியைப் படத்துக்காக வாங்குபவர். ஓசூரிலும் பெங்களூருவிலும் திருமணத்துக்கு முன்பு மணமக்களை வைத்துப் படம் எடுக்கும் தொழில் பெரிதாக நடக்கிறது. அவர்களுக்குத் திறந்த வண்டிதான் வேண்டும். கீழே குனிந்து பார்க்கமாட்டார்கள். நிறம் பளபளக்கிறதா, புகை வராமல் நூறு மீட்டர் நகருகிறதா, அவ்வளவுதான். பேரமும் சீக்கிரம் முடியும். ஆனால் ஒரு தொகைக்கு மேல் ஏறமாட்டார்கள், ஏனென்றால் வாடகைக் கணக்கு அவர்கள் மனத்தில் ஓடுகிறது. சொந்தப் பயன்பாட்டுப் பதிவுள்ள காரை வாடகைக்கு விடுவது சட்டப்படி செல்லாது என்பது தனிக் கதை. பெயர் மாற்றம் முடியாமல் வண்டியை ஒப்படைத்தால் அந்தத் தலைவலி நம் பெயரில் வந்து நிற்கும்.

இரண்டாவது வகை, வண்டியை வண்டிக்காக வாங்குபவர். இவரை முதல் கேள்வியிலேயே அடையாளம் தெரிந்துகொள்ளலாம். சேலத்திலிருந்து பேசிய ஒருவர், விலையோ எண்ணோ கேட்கும் முன்பு கேட்டது இது: "முன் சக்கர ட்ரனியனுக்கு கிரீஸ் அடிக்கிறீர்களா, எண்ணெய் விடுகிறீர்களா?" ஹெரால்டின் முன் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடியில் திருகு மரையோடு ஒரு பித்தளைக் கட்டை இருக்கிறது. அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் விடவேண்டும். ஊர் மெக்கானிக்குகள் பழக்கதோஷத்தில் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் மரைக்குள் ஊறாது. காய்ந்து, தேய்ந்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு இருபது நிமிடம் பேசினார். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இந்த வகையினருக்குக் கூரை வேண்டும். திறந்த கார் பிடித்தாலும் கூரை எங்கே என்று கேட்பார்கள்.

ஆகவே எங்கே விற்பது என்ற கேள்வி, இந்த இருவரில் யார் எங்கே இருக்கிறார் என்ற கேள்வியாக மாறியது.

ஓஎல்எக்ஸ், பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற பொது விளம்பரத் தளங்களில் கூட்டம் அதிகம், செலவு இல்லை அல்லது குறைவு, இன்றே தொடங்கலாம். முதல் வகை வாடிக்கையாளர் இங்கேதான் இருக்கிறார். குறை என்னவென்றால், "கடைசி விலை என்ன" என்று கேட்டுவிட்டு மறைபவர்களுக்குப் பதில் சொல்லியே பொழுது போய்விடும். பழகிப் பார்க்க ஒரு வாரம் விவரம் குறைத்து ஒரு விளம்பரம் போட்டேன். மாமாவின் அறுபத்தெட்டு வயதுப் பொறுமை மூன்று நாளில் தீர்ந்தது. ஒருவர், தான் ராணுவத்தில் இருப்பதாகவும் நேரில் வர இயலாது என்றும் சொல்லி, முன்பணம் அனுப்ப க்யூஆர் கோடு ஒன்றை அனுப்பினார். பணம் வாங்குவதற்கு எந்தக் கோடையும் ஸ்கேன் செய்யவேண்டியதில்லை, யுபிஐ பின் எண்ணைத் தட்டவும் வேண்டியதில்லை என்பதை அத்தை மாமாவுக்கு விளக்கினார். வீட்டில் பால் பணம் வரவு பார்ப்பது அவர்தான்.

பழைய கார் ஆர்வலர் வட்டங்கள் வேறு உலகம். சென்னை, கோவை, பெங்களூருவில் சங்கங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றைச் சுற்றியும் வாட்ஸ்அப் குழுக்கள். கூட்டம் சிறிது. ஆனால் ஒவ்வொருவருக்கும் வண்டி தெரியும், ஒருவருக்கொருவர் தெரியும். இங்கே பொய் சொன்னால் ஒரே நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். உண்மை சொன்னாலும் அப்படித்தான். பட்டி இருக்கும் இடத்தைக் காந்தத்தோடு படம் எடுத்துப் போடுங்கள் என்று எனக்கு ஆலோசனை சொன்னவர் இப்படி ஒரு குழுவில் இருப்பவர்தான். முதலில் பைத்தியக்கார யோசனையாகத் தோன்றியது. யோசித்துப் பார்த்தால், நேரில் வந்து கண்டுபிடிக்கிற குறைக்கு அவர்கள் ஐம்பதாயிரம் கழிப்பார்கள். நாம் முன்பே காட்டிய குறைக்குப் பத்தாயிரம்கூடக் கழிக்கக் கூச்சப்படுவார்கள். இந்த வழியின் குறை, வேகமின்மை. மாதக்கணக்கில் ஆகலாம்.

ஏலத்தைப் பற்றி மாமாவுக்குப் பெரிய நம்பிக்கை. மாங்காய் மண்டியில் நின்று வளர்ந்தவர். அமெரிக்காவில் பிரிங் எ டிரெய்லர் என்ற தளம் 2007இல் தொடங்கியது. இன்று பழைய கார்களை இணைய ஏலத்தில் விற்பதில் பெரும்பெயர். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது விலை ஏற்றினால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குப் போய்விடும். கடைசி நொடியில் பாய்ந்து பிடுங்கும் தந்திரம் அங்கே பலிக்காது. மண்டியில் ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுப்பதும் அதே நோக்கத்துக்குத்தான். நம் நாட்டிலும் மும்பையின் அஸ்தகுரு போன்ற ஏல நிறுவனங்கள் ஓவியங்களோடு பழைய கார்களையும் இணைய ஏலத்தில் விட்டிருக்கின்றன.

ஆனால் ஏலத்தின் அடிப்படைக் கணக்கைப் பாருங்கள். கடைசி விலையை முடிவு செய்பவர் வென்றவர் அல்ல, தோற்றுப்போன இரண்டாமவர். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அதற்கு ஒரு படி மேலே வென்றவர் நின்றுவிடுவார். மனத்தில் பத்து லட்சம் வைத்திருப்பவர் ஒருவர் இருந்தும், அடுத்தவர் ஐந்தரையில் கையை இறக்கிவிட்டால் வண்டி ஐந்தரையைக் கொஞ்சம் தாண்டிப் போகும். மண்டியில் பெங்களூரா மாங்காய்க்கும் செந்தூரா மாங்காய்க்கும் இருபது வியாபாரிகள் நிற்பார்கள், கூழ் ஆலைக்காரர்களும் நிற்பார்கள். கூரை கழற்றிய ஹெரால்டுக்கு அதே வாரத்தில் பணத்தோடு தயாராக இரண்டு பேர் நிற்பார்கள் என்று எதை நம்பிச் சொல்வது? இதற்குக் கீழே விற்கமாட்டேன் என்று ரிசர்வ் விலை வைக்கலாம். வைத்து, அதைத் தொடாமல் ஏலம் முடிந்தால், இந்த வண்டி இன்ன தொகைக்கு மேல் போகவில்லை என்ற செய்தி எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாகிவிடும். அடுத்து எங்கே போனாலும் அந்த எண் முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். வாங்குபவரிடம் ஏல நிறுவனம் தனிக் கட்டணம் வசூலிப்பதும் உண்டு. அவர் அதைக் கழித்துக்கொண்டுதான் விலை கேட்பார். அரிய வண்டி, பலர் தேடும் வண்டி என்றால் ஏலத்தைப் போல் வேறில்லை. எங்களுடையது அது அல்ல.

பெங்களூரு வியாபாரியிடம் விட்டு விற்றுத்தரச் சொல்வது நான்காவது வழி. ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தூரம்தான். அவர் கண்ணாடிக் கூடத்தில் நிற்கும்போது வண்டி அழகாகத்தான் இருக்கும். ஒருவரிடம் பேசினோம். தரகு எவ்வளவு என்பதைவிட, விற்கும்வரை வண்டி யார் பொறுப்பு, இடையில் யாராவது ஓட்டிப் பார்த்து இடித்தால் யார் கொடுப்பார் என்ற கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரவில்லை. அத்தோடு அந்த யோசனை முடிந்தது.

மாமா போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் மாடு பிடித்தவர். அங்கே துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். ஒருவனுக்குச் சொன்ன விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. காலையில் ஒருவரிடம் அறுபது சொல்லி, மத்தியானம் இன்னொருவரிடம் ஐம்பதுக்கு இறங்கலாம். இணையத்தில் துண்டு கிடையாது. பத்து லட்சம் என்று போட்டு, மாதம் ஒருமுறை குறைத்துக்கொண்டே வந்தால், அந்தப் படிக்கட்டை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னும் இறங்கும் என்று காத்திருப்பார்கள். விலையே போடாமல் நேரில் பேசலாம் என்று எழுதுவது இன்னும் மோசம். நல்ல வாடிக்கையாளர் கேட்கக் கூச்சப்பட்டு நகர்ந்துவிடுவார். தரகர்கள் மட்டும் அழைப்பார்கள்.

ஆகவே மூன்று எண்கள் வைத்துக்கொண்டோம். விளம்பரத்தில் போடுவது 7,75,000. கிடைத்தால் மகிழ்ச்சி என்பது 7,00,000. அதற்குக் கீழே எழுந்து வந்துவிடுவது 6,50,000. கடைசி எண்ணை அத்தையிடம் மட்டும் சொல்லி, மாமாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. பேச்சு சுவாரசியமானால் அவர் உளறிவிடுவார். நோட்டுக் கணக்குப்படி ஏழு லட்சத்திலும் பதினைந்தாயிரம் நஷ்டம்தான், நான்கு வருடத்தைச் சேர்க்காமலே. இதை ஏற்றுக்கொள்ள மாமாவுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கூரையைப் போட்டு விற்பது, துணிக் கூரையையும் அதன் சட்டத்தையும் தனியாகச் சேர்த்துக் கொடுப்பது என்பதுதான் எங்கள் முடிவு. முதல் முப்பது நாள் ஆர்வலர் வட்டங்களில் மட்டும், ஒரே விலை, குறைக்காமல். நகரவில்லை என்றால் பொதுத் தளத்துக்கு. அங்கே முதல் படம் திறந்த வண்டியாக இருக்கும், மூன்றாவது படம் கூரையோடு. படத்துக்காக வாங்குபவர் முதல் படத்தில் நிற்பார், வண்டிக்காக வாங்குபவர் மூன்றாவதில் நிற்பார். விவரத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வாசகம் இருக்கும்: ஆலையிலிருந்து சலூனாக வந்தது, கூரை அறுக்கப்படவில்லை, கழற்றப்பட்டது, மறுபடி மாட்டித் தரப்படும். ஆலையிலிருந்தே திறந்த காராக வந்தது என்று போட்டால் விலை ஏறுமே என்று ஒரு நண்பர் சொன்னார். ஏறும், வாங்குபவர் ஆர்சியைத் திறக்கும்வரை.

வண்டிக்குப் பத்திரிகை விளம்பரம் போலப் படம் எடுக்கவேண்டாம். கிருஷ்ணகிரி அணைப் பூங்கா வாசலில் ஒரு படம் எடுத்தோம், அது ஆசைக்கு. வேலைக்கு ஆன படங்கள் கொட்டகையில் எடுத்தவை: சட்டகத்தின் அடிப்பாகம், பானெட் திறந்த நிலையில் சஸ்பென்ஷன், கதவு இடுக்கு, காந்தம் விழுந்த இடம், புதிதாக மாற்றிய பெட்ரோல் குழாய்கள். கடைசியது ஏன் என்றால், இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும். தெரிந்தவர்கள் கட்டாயம் கேட்கிறார்கள். இதோடு, இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் முதல்முறை கிளப்பும் காட்சியை வெட்டாமல் எடுத்த வீடியோ. எங்களுடையது மூன்றாவது முயற்சியில்தான் பிடித்தது. அப்படியே வைத்துவிட்டோம். பதிவு எண்ணை மட்டும் மறைத்தோம், சட்டக எண்ணைப் படத்தில் காட்டவில்லை. நேரில் வருபவருக்குத்தான் அது.

காகிதங்கள் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாட்டுக்குள் விற்றால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநிலத்துக்குப் போனால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று. கர்நாடகத்தவர் அங்கே ஆயுள் வரி கட்டவேண்டும் என்பதால் அதையும் கழித்துக்கொண்டே விலை பேசுவார். அதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விற்பவர் மாநிலத்துக்குள் 14 நாளில், வெளி மாநிலம் என்றால் 45 நாளில் தெரிவிக்கவேண்டும், வாங்குபவர் 30 நாளில். இதைச் சடங்காக நினைக்கக் கூடாது. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. வண்டி கைமாறிப் பல கை போனாலும் அப்படித்தான். ஒப்படைக்கும் நாளும் மணியும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள் ஒன்று தேவை.

பழைய ஆர்சியில் பழைய கடன் குறிப்பு இருக்கிறதா என்பதையும் விளம்பரத்துக்கு முன்பே பாருங்கள். எங்கள் தெருவில் ஒருவர் தன் அப்பாவின் காரை விற்கப் போனபோது, நாற்பது ஆண்டுக்கு முன் கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர் அதில் நின்றது. கடன் தீர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. அந்த நிறுவனமே இப்போது இல்லை. கடன் தீர்ந்தது என்று காட்டும் படிவம் 35இல் கையெழுத்திட ஆள் தேடி எட்டு மாதம் அலைந்தார், வாங்க வந்தவர் இரண்டாவது மாதமே போய்விட்டார்.

பணம் வங்கி வழியாக மட்டும். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி விதிமீறல். வாங்கிய தொகை முழுவதும் அபராதமாகப் போகலாம். பழைய கார் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரிகளின் லாபத்துக்குத்தான். மாமா போன்ற தனி ஆள் தன் சொந்தக் காரை விற்பதற்கு இல்லை.

ஒருவேளை வண்டி வேறாக இருந்தால் இந்த முடிவும் மாறும். ஆலையிலிருந்தே திறந்த காராக வந்து, அது ஆர்சியிலும் இருந்தால் ஏலத்தை மறுபடி யோசிப்பேன். கூரையை அறுத்து இரும்புக்கடையில் போட்டுவிட்ட வண்டியாக இருந்தால் ஆர்வலர் வட்டத்தில் நேரம் கழிக்காமல் நேராகப் பொதுத் தளத்துக்குப் போய், படத்துக்காக வாங்குபவரிடம் குறைந்த விலைக்கு, பெயர் மாற்றத்தைக் கூட இருந்து முடித்துக் கொடுத்துவிடுவேன். அவசரமாகப் பணம் தேவை என்றாலும் அப்படியே.

நேற்று நான்கு பேர் சேர்ந்து கூரையைப் பரணிலிருந்து இறக்கினோம். உள்பக்கம் கரையான் இல்லை, ஒரு குருவிக்கூடு மட்டும். போல்ட்டுகளை மாமா பால் பவுடர் டப்பாவில் எண்ணெய் ஊற்றிப் போட்டு வைத்திருந்தார். எண்ணிப் பார்த்ததில் இரண்டு குறைகின்றன. பழைய இங்கிலாந்து வண்டி, அங்குல மரை. கிருஷ்ணகிரியில் கேட்ட கடைகளில் எல்லாம் மில்லிமீட்டர் மரைதான் இருக்கிறது. ஓசூர் தொழிற்பேட்டைப் பக்கம் லேத்தில் கடைந்து தருவார்கள் என்கிறார்கள். திங்கட்கிழமை மாதிரிக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு பஸ் ஏறவேண்டும்.